காய்ந்த காளான் மாலை

பலெர்மோவுக்கு மனிதர்கள் சாப்பிடுவதற்கென்றே வருகிறார்கள். காலையில் பொலிதேயாமா நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், தோள்பையும் வெயில் கண்ணாடியும் போட்ட ஒரு கூட்டம் கடலைமாப் பொரியலைப் பாணுக்குள் வைத்துக் கடித்தபடி கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். நான் அவர்களை விலக்கிக்கொண்டு வேலைக்குப் போவேன். எனக்கு இந்த நகரத்தில் சாப்பாடு தீத்துகிற வேலை. ஒரு முதியவருக்கு மூன்று வேளையும் கரண்டியால் தீத்தி, வாய் துடைத்து, கட்டிலில் புரட்டிப் படுக்கவைப்பேன்.

வேலையில் குறை ஒன்றும் இல்லை. இதைவிட மோசமானவை செய்திருக்கிறேன். ஆனால் அந்தத் தோள்பைக்காரரைக் காணும்போது வயிற்றுக்குள் ஒன்று எரியும். நானும் பல நகரங்களுக்குப் போனவன்தான். ஒன்பதாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றது. நான் நிறுத்தவில்லை, ஷெல் விழுந்து கட்டடம் இல்லாமல் போனது. அதற்குப் பிறகு என் கால் ஓரிடத்தில் நின்றதில்லை. மன்னாரிலிருந்து வன்னி, வன்னியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மொஸ்கோ, அங்கிருந்து கள்ளமாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் கொண்டுபோய் விட்ட இடங்களெல்லாம். எல்லா ஊர்ச் சுவர்களையும் உள்ளேயிருந்துதான் பார்த்தேன். ஊர் பார்க்க வந்தவனாக, பசிக்கு அல்லாமல் ருசிக்காக மேசையில் உட்காருகிறவனாக நான் ஒரு நகரத்திலும் இருந்ததில்லை.

அதனால்தான் தம்பி கிராக்கோவுக்குப் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

தம்பி என்றால் உடன்பிறந்தவன் அல்ல. ஒரேத்தோ தெருவில் என்னோடு ஒரே அறையில் இருக்கிறவன். யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிறான். அவனைப் பிடிக்காத ஆளை நான் இதுவரை சந்திக்கவில்லை. எங்கள் கத்தோலிக்கப் பங்கிலிருந்து ஒரு கூட்டம் போலந்துக்கு யாத்திரை போனது. கிராக்கோவில் இரக்கத்தின் ஆண்டவர் கோயில் இருக்கிறது, அதற்குத்தான் பயணம். நானும் பேர் கொடுத்திருந்தேன். ஆனால் என் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்து, கையில் ரசீது மட்டும் இருந்தது. அந்த ரசீதோடு இத்தாலிக்குள் எங்கும் போகலாம், எல்லை தாண்ட முடியாது. குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள் தலையை நிமிர்த்தாமலே அதைச் சொன்னாள். என் இடத்துக்கு ஒரு மாமி போனா.

மற்றவர்களுக்கு அது ஒரு யாத்திரை. எனக்கு அப்படியில்லை, அதற்குக் காரணம் மேல்மாடி.

நான் வேலை செய்கிற கட்டடத்தில், முதியவரின் வீட்டுக்கு மேலே ஒரு வயதான சிஞ்ஞோரா இருக்கிறா. அவவைப் பார்ப்பது ஒரு போலந்துக்காரி. என் வயதுதான் இருக்கும். கணவன் செத்து நெடுநாள். லிப்ட் பழுதாகும் நாட்களில் அவளுடைய சிஞ்ஞோராவைக் கதிரையோடு தூக்கிக் கீழே இறக்குவேன். அதற்குப் பதிலாக அவள் என் முதியவரின் நகங்களை வெட்டிவிடுவாள். எனக்கு நகம் வெட்டப் பயம், அவருடைய தோல் கடதாசி போல இருக்கும். மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போது கதைத்துக்கொள்வோம். அவளுடைய இத்தாலியன் பேச்சும் உடைசல், என்னுடையதும் உடைசல். இரண்டு உடைசலும் நன்றாகப் பொருந்தியது. அந்தப் பேச்சை இங்கே தமிழில் நேராக எழுதுகிறேன்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று பல உடுப்புகள் காய்ந்துவிட்டன.

ஒருநாள் அவள் கடையில் வாங்கிய காளான் பெட்டியை மூக்கருகே கொண்டுபோய், "இது பிளாஸ்டிக் மணக்கிறது" என்றாள். "எங்கள் ஊரில் காட்டில் பொறுக்கிக் காயவைத்த காளான் இருக்கும். நூலில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அது இல்லாமல் எனக்கு நத்தார்ப் பண்டிகை பண்டிகையாகவே இல்லை."

தம்பி பயணத்துக்குப் பெட்டி அடுக்கும்போது அவனிடம் சொன்னேன்.

"தம்பி, அங்கை சந்தையிலை காய்ஞ்ச காளான் விப்பாங்களாம். நூலிலை கோத்தது. வாங்கிக்கொண்டு வா."

"காளானோ? ஆக்கள் செபமாலை கேக்கினம், படம் கேக்கினம். நீங்கள் காளான் கேக்கிறியள்."

"எனக்குத்தான். சமைக்க."

"நீங்கள் முட்டைப் பொரியலைத் தவிர வேறை ஒண்டும் சமைச்சு நான் காணேல்லையே அண்ணை." பிறகு ஒரு சேர்ட்டை மடித்துக்கொண்டே, "மேல்மாடிக்கோ?" என்றான்.

"வாயைப் பொத்திக்கொண்டு போட்டு வா."

அவன் போனான். போன அன்றே படங்கள் வரத்தொடங்கின. முதல் படம் வந்தபோது நான் முதியவருக்கு அரைத்த பூசணிக்காய்க் கூழைத் தீத்திக்கொண்டிருந்தேன். போன் கட்டிலில் கிடந்து ஒளிர்ந்தது. ஒரு பெரிய உருண்டைப் பாண், மேலே வெட்டி மூடிபோல் எடுத்திருந்தார்கள், உள்ளே குடைந்து வெள்ளையாக ஏதோ ஊற்றியிருந்தார்கள். அதன்பின் அவன் குரல் வந்தது.

"அண்ணை, இது சூப். புளிக்க வைச்ச மாவிலை காய்ச்சினது. எங்கடை கூழ் மாதிரி ஒரு புளிப்பு. உள்ளுக்கை சொசேஜ், அவிச்ச முட்டை. விசேசம் என்னெண்டா, சூப்பை முடிச்சிட்டுச் சட்டியையும் சாப்பிடலாம்!"

பின்னால் எங்கள் பங்கு மாமிமார் சிரிக்கிற சத்தம் கேட்டது. முதியவர் வாயைத் திறந்தபடி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் பியரோகி. கொழுக்கட்டைபோல் ஓரம் கிள்ளி அவித்தது, மேலே பொரித்த வெங்காயம். உள்ளே உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் என்று சொன்னான். இன்னொன்றுக்குள் முட்டைக்கோவாவும் காளானும். பிறகு எள்ளுத் தூவிய வளையப் பாண், அதை நீல வண்டியில் வைத்து ஒரு கிழவி தெருவில் விற்கிறாளாம். பிறகு ஒரு மலிவான சாப்பாட்டுக் கடை. அங்கே கன்னியாஸ்திரியும் கட்டடத் தொழிலாளியும் பல்கலைக்கழகப் பொடியளும் ஒரே மேசையில் இருந்து கோவா இலையில் சுற்றிய இறைச்சியைச் சாப்பிடுகிறார்கள். கடைசியில் பெரிய சதுக்கம். அதன் நடுவில் வளைவு வளைவாகப் பழைய துணிச்சந்தை, முன்னால் தம்பி, கையில் வளையப் பாண். அவனும் தோள்பை போட்டிருந்தான்.

அந்தப் படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். வெயில் கண்ணாடிகூட வாங்கியிருந்தான்.

போலந்து எனக்குத் தெரியாத நாடு அல்ல. தம்பி அங்கே சில நாட்கள்தான். நான் ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்திருக்கிறேன். ஏஜென்சிக்காரன் இரவில் ஒரு வான் வண்டியில் கொண்டுவந்து, ஒரு வீட்டின் மேலறையில் எங்களைப் பூட்டினான். ஜன்னலுக்குக் கம்பளி அடித்திருந்தது. அந்த நாட்டின் நிறம் என்ன, மரம் எப்படி, மனிதர் எப்படி என்று ஒன்றும் எனக்குத் தெரியாது. பனி கரைந்ததும் இன்னொரு வண்டியில் ஏற்றினார்கள். இதை நான் தம்பிக்குச் சொன்னதில்லை. சொல்ல அதில் ஒன்றும் இல்லை, அப்படித்தான் நிறையப் பேர் வந்தோம். ஆனால் நான் இருட்டில் கடந்த நாட்டில் அவன் வெயில் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, அவன் என்னுடைய பொருளை எடுத்துப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

அவன் திரும்பிவந்த நாள் முதியவருக்குக் காய்ச்சல். நான் அறைக்குப் போகாமல் வேலை வீட்டிலேயே தங்கியிருந்தேன். பின்னேரம் படிக்கட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுடைய சிரிப்பு. அப்படி வாய்விட்டு அவள் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

மேல்தட்டில் தம்பி நின்றான். விமான நிலையத்திலிருந்து நேரே வந்திருக்கிறான், பெட்டியும் பக்கத்தில் இருந்தது. நூலில் கோத்த காளானைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைபோல் நின்றான். நான் பார்த்துக்கொண்டிருக்கவே அதைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டான். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மாலையை நினைத்தவன் ஒருத்தன், போட்டவன் ஒருத்தன். நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு முதியவரின் காய்ச்சலைத் தொட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மொட்டைமாடியில் அவள் பேச்செல்லாம் அவனைப் பற்றித்தான். "உன் தம்பி மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஏறினானாம்." "உன் தம்பி அந்தச் சூப்பை இரண்டு தடவை வாங்கிக் குடித்தானாம்." "உன் தம்பிக்கு எங்கள் சதுக்கம் பிடித்துவிட்டது." அவள் ஊர்க்காரனைக் கண்டுபிடித்ததுபோல் கதைத்தாள். பல வருடமாக அவளுடைய சிஞ்ஞோராவைத் தூக்கியவன் நான். அவன் சில நாள் சாப்பிட்டுவிட்டு வந்ததால் ஊர்க்காரன் ஆகிவிட்டான். காளானைப் பற்றி அவள் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நான் அனுப்பியது என்று சொல்லவேண்டி வரும், அப்படிச் சொன்னால் பிச்சை கேட்பதுபோல் இருக்கும் என்று நினைத்தேன்.

நத்தார் நெருங்கியது. அவளுடைய சிஞ்ஞோராவை நத்தாருக்கு முந்தின நாள் பிள்ளைகள் பகேரியாவில் இருக்கிற பழைய வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், குசினியை இவள் பாவிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். என் முதியவரின் மகளும் அன்றைக்குத் தகப்பனோடு இருப்பதாகச் சொன்னா. உடுப்புக் கொடியில் அவள் என்னைக் கேட்டாள்:

"நீ வருவாயா? உன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா."

முதல் பாதி எனக்கு நன்றாக இருந்தது.

"வைக்கோல் கொஞ்சம் வேண்டும்" என்றும் சொன்னாள். அவர்கள் வழக்கத்தில் அன்றைக்கு மேசைவிரிப்புக்குக் கீழே வைக்கோல் பரப்புவார்களாம், மாட்டுத் தொழுவத்தின் நினைவாக. பலெர்மோவில் எங்கே வைக்கோல்? நான் யோசித்துவிட்டு, உல்லாசப் பயணிகளை ஏற்றுகிற குதிரை வண்டிக்காரர் நிற்கிற இடத்துக்குப் போனேன். ஒருத்தன் குதிரையின் வாளியிலிருந்தே ஒரு கைப்பிடி அள்ளித் தந்து, "நத்தாருக்கு உன் வீட்டில் குதிரைக்கா விருந்து?" என்று பகிடி விட்டான். குதிரை என்னை முறைத்துப் பார்த்தது. அந்த வைக்கோலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தபோது, இதையாவது தம்பி கொண்டுவரவில்லை என்று ஒரு நிம்மதி இருந்தது.

நத்தாருக்கு முந்தின நாள் பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவள் கையில் மா. பியரோகியின் ஓரத்தைக் கிள்ள எங்களையும் இருத்தினாள். தம்பி கிள்ளியவற்றில் பாதி தண்ணீருக்குள் வாய் திறந்தன. அவள் அவற்றை அகப்பையால் எடுத்து, "இதுகள் பாட்டுக் குழு" என்றாள், அவன் கோயிலில் பாடுகிறவன் என்பதற்காக. என்னுடையவை ஒன்றும் வாய் திறக்கவில்லை. அவற்றை அவள் ஒன்றும் சொல்லாமல் கோப்பையில் போட்டாள்.

மேசையில் நாலு கோப்பை வைத்திருந்தாள். நாங்கள் மூன்று பேர். அந்த நாலாவது ஆர் என்று எனக்குள் ஒரு புது எரிச்சல் கிளம்பியது. தம்பிதான் சொன்னான், "அது ஆருக்கும் இல்லை அண்ணை. அண்டைக்கு ஆரும் வழி தவறி வந்தா இருத்திச் சாப்பாடு குடுக்கிறதுக்காம். அங்கை கேள்விப்பட்டனான்." அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் சாப்பிடலாம் என்றாள். மூன்று பேரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். மேற்கில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழே தெருவெல்லாம் ஹோர்ன் சத்தம். நான் கிழக்கைக் கூர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன், எப்படியும் நான்தான் முதலில் காணவேண்டும் என்று. தம்பி கையை நீட்டிக் கத்தினான்:

"அந்தா! அந்தா!"

அது விமானம். சிவப்பும் பச்சையும் மின்ன, தரையிறங்க வந்துகொண்டிருந்தது.

"அது பிளேனடா" என்றேன் தமிழில். அவளுக்கு இத்தாலியனிலும் சொன்னேன். "நட்சத்திரம் இல்லை, விமானம்."

"பரவாயில்லை" என்றாள் அவள். "எனக்குப் பசிக்கிறது. அது நட்சத்திரம்தான்." அவன் தோளில் தட்டிவிட்டுப் படியிறங்கினாள்.

இறங்கியதும் அவள் அலமாரியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தாள். அவளுடைய அம்மா போலந்திலிருந்து அனுப்பியது என்று பிறகுதான் அறிந்தேன். உள்ளேயிருந்து உள்ளங்கை அளவில் வெள்ளையாக ஒரு மெல்லிய தகட்டை எடுத்தாள். குழந்தை இயேசுவும் மாதாவும் அதில் அச்சாகப் பதிந்திருந்தார்கள். பார்த்த உடனே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பூசையில் குருவானவர் நாக்கில் வைக்கிற அதே அப்பம். அதே வெள்ளை, அதே மெல்லிசு. மாதத்தின் முதல் வெள்ளியில் கோயிலிலிருந்து ஒரு மனிதர் சின்ன டப்பாவில் நற்கருணை கொண்டுவந்து இந்த வீட்டு சிஞ்ஞோராவுக்குக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றை இவளும் பெற்று வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

தம்பியும் அப்படித்தான் நினைத்தான். அவள் தகட்டை அவனிடம் நீட்டினாள். அவன் சிலுவை போட்டு, கை கூப்பி, கண்ணை மூடி, நாக்கை நீட்டினான்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தகட்டையும் நாக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இல்லை, இல்லை! கையால். உடை." அவன் கண்ணைத் திறந்து, ஒரு மூலையைப் பக்தியாக உடைத்து, அதில் பாதியை வாயில் போட்டு, "ஆமென்" என்றான். அவள் மறுபடியும் சிரித்தாள். அவன் கையில் மிஞ்சியிருந்ததில் தான் ஒரு துண்டை உடைத்துத் தின்றாள். அவனைக் கட்டிப்பிடித்துக் காதுக்குள் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றான்.

பிறகு என்னிடம் வந்தாள்.

நான் பெரிய பக்திமான் இல்லை. பூசையில் கடைசி வரிசையில் இருந்துவிட்டு வருகிறவன். ஆனால் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குள் ஏற்றிவிட்ட ஒரு பயம் இருக்கிறது. ஒருவன்மேல் நெஞ்சுக்குள் கறுப்பு வைத்துக்கொண்டு, பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்கக்கூடாது. நான் கடந்த எல்லைகளில் எத்தனையோ பொருட்களைத் தவறவிட்டிருக்கிறேன், இந்தப் பயம் மட்டும் என்னோடு வந்துவிட்டது. அந்த நிமிடத்தில் எனக்குள் கறுப்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

"வேண்டாம்" என்றேன். "எனக்கு இல்லை." கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு நின்றுபோனது. நீட்டிய தகட்டை அந்த வெறும் நாலாவது கோப்பையில் வைத்துவிட்டு, "இருங்கள், சூப் ஆறுகிறது" என்றாள்.

அவன் பிழைவிட்டதற்குச் சிரிப்புக் கிடைத்தது. நான் என்ன பிழை விட்டேன் என்றே தெரியவில்லை, எனக்கு முதுகைக் காட்டினாள்.

சூப் சிவப்பு. பீற்றூட் அவித்து வடித்த தெளிந்த சிவப்பு, கோப்பையின் அடி தெரிந்தது. அதற்குள் சின்னக் காதுகள்போல் மடித்த மாவுருண்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அரைத்த காளான். அந்தக் காளான். கடித்தபோது மழை பெய்து விட்ட காட்டு மண்ணின் வாசம் வாய்க்குள் வந்தது. என் வாழ்க்கையில் நான் தின்ற மிகத் திறமானவற்றில் அது ஒன்று என்று தெரிந்தது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. தம்பி சொன்னான். எல்லாவற்றையும் அவன் சொன்னான். பியரோகிக்கு "அங்கையிலும் பார்க்க இது திறம்" என்றான், பொரித்த மீனில் இன்னொரு துண்டு கேட்டான். அவர்கள் ஊரில் அன்றைக்குக் குளத்து மீன்தானாம். சின்ன வயதில் அதை உயிரோடு வாங்கிக் குளியல் தொட்டியில் விட்டுவைப்பார்கள் என்றும், வீட்டில் ஒருவருக்கும் குளிக்க முடியாது என்றும் அவள் சொன்னாள். இங்கே அந்த மீன் இல்லை, பல்லாரோ சந்தையில் வாங்கிய கடல்மீனைப் பொரித்திருந்தாள். "இது தொட்டி பார்க்காத மீன்" என்றாள். தம்பி சிரித்தான். அவள் அவனைப் பார்த்தே கதைத்தாள்.

அவன் மறுபடியும் சதுக்கத்தைத் தொடங்கினான். துணிச்சந்தை, நீல வண்டி, பாண் சட்டி. அதோடு என்னால் முடியவில்லை.

"நானும் போலந்தில் இருந்திருக்கிறேன்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்ப அண்ணை? சொல்லவேயில்லை."

"ஒரு குளிர்காலம். வரேக்கை."

அவள் கரண்டியை வைத்தாள். "எங்கே? கிராக்கோவா?"

"தெரியாது. ஜன்னலுக்குக் கம்பளி அடித்திருந்தது."

"என்ன சாப்பிட்டாய்?" அதுதான் அவளுடைய முதல் கேள்வி. எத்தனை பேர், எப்படித் தப்பினீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை.

"உருளைக்கிழங்கு. பாண்."

"வேறு?"

"ஒருநாள் வெங்காயம் தந்தார்கள்."

அவள் மேசையைப் பார்த்தாள். மேசையில் பியரோகி, மீன், கசகசா வைத்துச் சுருட்டிய கேக், புகைபோட்ட பழங்கள் அவித்த தண்ணீர் எல்லாம் இருந்தன. "எங்கள் நாட்டில் ஒரு குளிர்காலம்" என்றாள், "உருளைக்கிழங்கு." வெட்கப்பட்டவள்போல் இருந்தாள். கொஞ்சம் பொறுத்து, "போலிஷ் ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஒரு சொல் தெரியும். சீஹோ."

எங்களைப் பூட்டித் திறப்பை வைத்திருந்தவன் சொல்கிற சொல் அது. நாங்கள் இருமினால் சொல்வான், பலகையில் நடந்தால் சொல்வான். சத்தம் போடாதே என்று பொருள். அதை நான் இந்த மேசையில் சொன்னபோது அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு நாலாவது கோப்பையைக் காட்டிக் கேட்டாள். "அதனாலா எடுக்கவில்லை? எங்கள் ஆட்கள்மேல் கோபமா?"

"இல்லை, இல்லை" என்றேன். பாவசங்கீர்த்தனத்துக்கு இத்தாலியன் என் வாயில் வரவில்லை. தம்பியைப் பார்த்தேன்.

"ஏன் அண்ணை, உண்மையிலை ஏன் எடுக்கேல்லை?"

"மனசிலை கறுப்பு வைச்சுக்கொண்டு நற்கருணை எடுக்கலாமோடா?"

"என்ன கறுப்பு? ஆரிலை?"

"உன்னிலைதான். வேறை ஆரிலை?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கதிரை பின்னால் சாயச் சிரித்தான். "விசரே உங்களுக்கு!" என்றுவிட்டு, அவளிடம் இத்தாலியனில் சொன்னான், அண்ணன் இதை நற்கருணை என்று நினைத்துவிட்டார், நானும் அப்படித்தான் நினைத்து நாக்கை நீட்டினேன் என்று. கறுப்பைப் பற்றி அவன் சொல்லவில்லை.

"நற்கருணையா?" அவளுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. "இது மாவும் தண்ணீரும். பூசையில் வைத்தது இல்லை. அம்மா கோயில் வாசலில் வாங்குவாள். எங்கள் வீட்டு மாட்டுக்கும் ஒரு துண்டு கொடுப்போம்." சாப்பிட முன் ஒருவர் கையிலிருந்து மற்றவர் ஒரு துண்டை உடைத்துத் தின்று, அவருக்கு என்ன நல்லது நடக்கவேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லவேண்டுமாம். வருடம் முழுக்க முகம் கொடுக்காதவர்கள்கூட அன்றைக்கு உடைப்பார்களாம். "வேண்டாம் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை" என்றாள். "நீதான் முதல் ஆள்."

தம்பி எழும்பினான். கோயிலில் பாட்டுக்கு வேளைக்கே போகவேண்டும். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வாசல்வரை என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணை, ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். காளான் ஆர் குடுத்துவிட்டதெண்டு வந்த அண்டைக்கே அவவுக்குச் சொல்லிப்போட்டன்."

"நீ எல்லோ மாலையாப் போட்டாய்?"

"நீங்கள் போட மாட்டியள் எண்டு தெரியும். அதுதான் உங்களுக்காகப் போட்டன்." செருப்பை மாட்டினான். "இப்ப காதுக்கை என்ன சொன்னவ தெரியுமோ? அண்ணன் தானா வந்து சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறாவாம். அவ சொன்னதிலை பாதி உங்களைப் பற்றித்தான். எனக்கு ஒரு நல்ல பொம்பிளை கிடைக்கட்டும் எண்டது மற்றப் பாதி."

"அப்ப நீ பேசாமல் இருந்தாய்?"

"நீங்கள்தானே வாயைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னனியள்."

படியிறங்கிப் போய்விட்டான். அந்தக் கணத்தில் எனக்கு அவன்மேல் இருந்த பொறாமை போயிருக்கவேண்டும். போகவில்லை. இவ்வளவு நல்லவனாக இருக்க இவனால் எப்படி முடிகிறது என்று அதற்கும் சேர்த்து எரிந்தது.

திரும்பி உள்ளே போனேன். அவள் கோப்பைகளை அடுக்காமல் அப்படியே இருந்தாள். நான் நாலாவது கோப்பைக்கு முன்னால் போய் இருந்தேன். வழி தவறி வந்தவனுக்கு வைத்த இடம்தானே. தகட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். மாதாவின் பக்கம் ஏற்கெனவே தம்பி உடைத்திருந்தான். அவள் ஒரு மூலையை உடைத்தாள். நான் அவள் கையிலிருந்து ஒரு துண்டை உடைத்தேன். நாக்கில் வைத்ததும் கடதாசிபோல் ஒட்டிக்கொண்டு கரைந்தது. ஒரு ருசியும் இல்லை.

"இப்போது சொல்லவேண்டும்" என்றாள்.

காளான் நான் அனுப்பியது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது அவளுக்குத் தெரிந்த விஷயம். வேறொன்று வந்துவிட்டது.

"அடுத்த நத்தாருக்கும் நான் இந்த மேசையில் இருக்கவேண்டும். நான் மட்டும்."

"அது எனக்கான வாழ்த்தா, உனக்கானதா?"

"இரண்டு பேருக்கும்."

அவள் சிரித்தாள். தம்பிக்குச் சிரித்த மாதிரி வாய்விட்டு இல்லை, வேறு மாதிரி. பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "உன் பெர்மெஸ்ஸோ வரட்டும். நான் உன்னைக் கிராக்கோவுக்குக் கூட்டிப் போகவேண்டும். சதுக்கத்தில் வெளியே மேசை போட்டிருப்பார்கள், அங்கே உன்னை இருத்தவேண்டும். பாணுக்குள் சூப் வரும். நீ சத்தமாகக் கதைக்கவேண்டும். அந்தச் சதுக்கமே திரும்பிப் பார்க்கவேண்டும்."

மிச்சமிருந்த சூப்பை எனக்கு ஊற்றினாள், குடித்தேன்.

பெர்மெஸ்ஸோ இதை எழுதும்வரை வரவில்லை. குவெஸ்தூராவில் இன்னொரு தரம் கைரேகை எடுத்தார்கள். முதியவருக்குத் தீத்துகிறேன், லிப்ட் பழுதானால் மேல்மாடிக் கதிரையைத் தூக்குகிறேன். வேலை முடிந்தால் இப்போது படி இறங்குவதில்லை, ஏறுகிறேன். காளான் கொஞ்சம் மிஞ்சி, அடுப்புக்கு மேலே ஆணியில் அதே நூலோடு தொங்குகிறது.

போன கிழமை தம்பி வந்து, கோயிலில் மறுபடியும் யாத்திரைக்குப் பேர் எடுக்கிறார்கள், கிராக்கோவுக்குத்தான் என்று சொன்னான்.

"உங்களுக்கு என்ன வேணும் அண்ணை? காளானோ?"

"காளான் வேண்டாம்."

"அப்ப என்ன கொண்டு வர?"

"நீ போகாமல் இரு. அது போதும்."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் பகிடி விட்டதாக நினைத்திருப்பான்.